சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? எம்ஆர்டி ரயில், பேருந்து அட்டைகள்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். ஊரில் கோடை விடுமுறை விட்டதும் யாராவது வந்து இறங்குவார்கள். அவர்களுக்கென்றே வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஏழு ஈஸி-லிங்க் அட்டைகள் (பணம் ஏற்றி வைத்து, ரயிலிலும் பேருந்திலும் தட்டிப் போகும் அட்டை) வைத்திருக்கிறேன். ரயில், பேருந்து, அட்டை பற்றி மட்டும் கேளுங்கள். விசா, ஹோட்டல், முஸ்தபாவில் தங்கம் என்ன விலை என்பதற்கெல்லாம் வேறு ஆள் பாருங்கள். நான் 'வெள்ளி' என்றால் சிங்கப்பூர் டாலர், 'காசு' என்றால் சென்ட்.

கேள்வி (கோவை): நானும் மனைவியும், அப்பா (68), பையன் (9), பாப்பா (4). மூன்று நாள், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் அறை. ஐந்து பேருக்கும் மூன்று நாள் டூரிஸ்ட் பாஸ் எடுத்தால் நிம்மதி என்கிறார் டிராவல்ஸ்காரர். எடுக்கலாமா?

முதலில் ஐந்தில் ஒன்றை அடித்துவிடுங்கள். பாப்பாவுக்கு டிக்கெட்டே கிடையாது. அதைக் கீழே சொல்கிறேன்.

மீதி நாலு பேர். அந்தப் பாஸ் இருந்தால் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். மூன்று நாள் பாஸ் நான் கடைசியாகப் பார்த்தபோது 29 வெள்ளி. நாலு பேருக்கு 116. இப்போது பாஸ் இல்லாமல் கணக்குப் போடுவோம். இங்கே கட்டணம் தூரத்துக்குத் தக்கபடி. ஒன்றேகால் வெள்ளியில் ஆரம்பித்து, தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாலும் இரண்டரை வெள்ளியை ஒட்டித்தான் வரும். தேக்காவிலிருந்து மரினா பே, சைனாடவுன், ஹார்பர்ஃபிரண்ட் என்று சுற்றுபவருக்குச் சராசரி ஒன்றரை, ஒன்றே முக்கால். அப்பாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று பயணத்துக்கு மேல் முடியாது. வெயிலும் புழுக்கமும் விடாது. ஆக ஒருவருக்கு நாளைக்கு ஐந்து வெள்ளி, மூன்று நாளைக்குப் பதினைந்து. ஈஸி-லிங்க் அட்டைக்கு ஐந்து வெள்ளி, அது திரும்ப வராது. மொத்தம் இருபது. நாலு பேருக்கு எண்பது. மிச்சம் 36 வெள்ளி. கோமள விலாஸில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம்.

பாஸ் விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. நீங்கள் நிலையத்துக்குள்ளேயே ரயில் மாறினாலும், ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிஷத்துக்குள் பேருந்தில் ஏறினாலும், அது புதுப் பயணம் ஆகாது. தூரத்தைக் கூட்டி ஒரே கட்டணமாகப் போடுவார்கள். உதாரணம் விலங்குக் காட்சிசாலை: லிட்டில் இந்தியாவில் ஏறி, ஸ்டீவன்ஸில் மாறி, ஸ்பிரிங்லீஃபில் இறங்கி, 138-ஆம் எண் பேருந்து. எண்ணிப் பார்த்தால் மூன்று வண்டி, கட்டணம் எடுப்பது ஒரு பயணத்துக்கு. 'ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்குவீர்கள் சார்' என்று கணக்குக் காட்டுபவர்கள் இந்த மூன்றையும் மூன்றாக எண்ணுகிறார்கள்.

பாஸ் யாருக்கு? காலை ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி பதினொன்று வரை ஊர் சுற்றுகிற கல்லூரிப் பையன்களுக்கு. ஒன்று கவனியுங்கள், பாஸ் 24 மணி நேரக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கினால் அன்றைய நாள் போச்சு.

கேள்வி (மதுரை): அண்ணா, இந்தியா பேங்க் கார்டையே ஸ்டேஷன் கதவில் தட்டிப் போகலாமாமே? அப்புறம் எதுக்கு ஈஸி-லிங்க்?

போகலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் 2019-லிருந்து ஓடுகின்றன. ரூபேயையும் யுபிஐயையும் நம்பி வராதீர்கள். கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலிக்குள் போய், வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் திறந்து வையுங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி புது அட்டைகளில் இவை பூட்டியேதான் வருகின்றன. கதவுக்கு முன் நின்றுகொண்டு, பின்னால் அலுவலகக் கூட்டம் முட்ட, ஓடிபி வராத சிம்மோடு இதைச் செய்ய முடியாது.

செலவு: வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் அட்டைக்கு 60 காசு கூடுதல். அதன் மேல் உங்கள் வங்கி மூன்று, மூன்றரை சதவீதம் எடுத்து, அதற்கு ஜிஎஸ்டியும் போடும். இரண்டு மூன்று நாள் என்றால் ஐந்து வெள்ளி அட்டையை விட இதுவே மலிவு. ஒரு வாரம் தாண்டினால் ஈஸி-லிங்க்.

ஒருவருக்கு ஓர் அட்டை. இதை இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும்.

கேள்வி (திருச்சி): குடும்பத்துக்கே ஒரு கார்டு போதுமா? நான் தட்டி ஒவ்வொருத்தராக உள்ளே அனுப்பிவிடுகிறேன்.

இதோ வந்துவிட்டது. முடியாது. நீங்கள் எங்கே நுழைந்தீர்கள் என்பது அந்த அட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. வெளியே தட்டும்போதுதான் தூரம் கணக்காகிறது. ஒரே அட்டை ஒரே நேரத்தில் இரண்டு பேராக இருக்க முடியாது.

கேள்வி (சேலம்): பையனுக்கு ஐந்து வயசு, 104 செ.மீ. 90 செ.மீ.க்கு மேல் டிக்கெட் என்று படித்தோம். 'கேட் கிட்ட இடுப்புல தூக்கிக்கோ, யாரு அளக்கப் போறா' என்கிறார் மாமியார்.

மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் அத்தையும் இதே கட்சி. எழும்பூர் ஸ்டேஷனில் எனக்குப் பன்னிரண்டு வயசு வரை பத்து வயசுதான்.

ஆனால் இங்கே அந்தப் பாவம் தேவையே இல்லை. 90 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பெரியவரோடு அப்படியே இலவசம். அதைத் தாண்டியிருந்தாலும் ஏழு வயசு முடியாத குழந்தைக்கும் இலவசம்தான், ஒரு சலுகை அட்டை மட்டும் வாங்க வேண்டும். சுற்றுலா வந்த பிள்ளைக்கும் தருவார்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டோடு 'சிம்ப்ளிகோ' என்று பெயர் போட்ட டிக்கெட் கவுண்டருக்குப் போங்கள், சாங்கி விமான நிலையத்து ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. விடியற்காலையில் இறங்கினால் கவுண்டர் திறந்திருக்காது. அப்போது நிலைய ஊழியரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுகிய கதவில் நுழையாதீர்கள். கதவு சட்டென்று மூடும். பெட்டி, தள்ளுவண்டி, குழந்தை எல்லாவற்றுக்கும் ஓரத்தில் அகலக் கதவு உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): ஏழு வயசு முடிந்த பிள்ளைக்கு அரை டிக்கெட் உண்டா? என் மாமனாருக்கு 70, சீனியர் சலுகை?

இரண்டும் இல்லை. மாணவர் கட்டணம் இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு, மூத்தோர் கட்டணம் இங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். நம் ஆட்கள் முழுக் கட்டணம்.

கேள்வி (சென்னை): 2015-இல் வந்தபோது மெஷினில் ஒரு மெல்லிய டிக்கெட் எடுத்தோம். அதுவே போதுமே?

அதை 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அட்டை அல்லது ஃபோன். பேருந்தில் ரொக்கமாகப் போடலாம், ஆனால் கட்டணம் கூட, மீதியும் தரமாட்டார்கள்.

கேள்வி (ஈரோடு): ஒரே கார்டில் நானும் மனைவியும் மட்டும்?

முடியாது. திருச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (நெல்லை): சாங்கியிலிருந்து தேக்காவுக்குப் பெட்டியோடு ரயிலில் வரமுடியுமா?

முடியும். எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. ஒரே ஒரு மாற்றம்தான், லிஃப்ட் இருக்கிறது. நிறையப் பேர் தானா மேரா வரை போய் அங்கே பச்சைத் தடத்தில் ஏறி, பிறகு இன்னொரு தடம் மாறி அல்லாடுகிறார்கள். ரயில் ராத்திரி முழுக்க ஓடாது, காலை ஐந்தரையை ஒட்டித்தான் முதல் வண்டி. நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதியிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தப்பா பெட்டியை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டார்.

கேள்வி (புதுச்சேரி): ஈஸி-லிங்க்கில் பழசு, புதுசு என்று இரண்டு இருக்கிறதாமே? எதை வாங்குவது?

பழைய வகையில் பணம் அட்டையின் சில்லுக்குள்ளேயே எழுதியிருக்கும். கதவு அதைப் படித்து, கழித்து, மீதி எவ்வளவு என்று அங்கேயே காட்டிவிடும். சிம்ப்ளிகோ என்னும் புது வகையில் அட்டை உங்களை அடையாளம் மட்டும் காட்டும், கணக்கு எங்கோ ஒரு கணினியில் நடக்கும். அதனால் கதவில் மீதித் தொகை தெரியாது, செயலியில்தான் பார்க்க வேண்டும். தொலைந்துபோனால் செயலியிலேயே முடக்கலாம் என்பது வசதி.

குறுக்கே (சிங்கப்பூரின் செங்காங் பகுதிக்காரர் ஒருவர், செங்காங்வாசி): அதில் என்ன வசதி? மீதி காட்டாத அட்டை ஓர் அட்டையா? இதற்காகத்தானே 2024-இல் ஊரே கொதித்தது?

கொதித்தது உண்மை. ஜனவரி 9-ஆம் தேதி, ஜூனிலிருந்து பழைய வகை செல்லாது என்றார்கள் போக்குவரத்து ஆணையத்தார். மாற்றுவதற்குக் கவுண்டரில் வரிசை, செயலியில் தகராறு. ஜனவரி 22-இல் அறிவிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய முறையை நீட்டிக்க நாலு கோடி வெள்ளி கூடுதல் செலவு.

செங்காங்வாசி: நாலு கோடி! முதலிலேயே மக்களைக் கேட்டிருந்தால் அந்தச் செலவே இல்லை.

முதலிலேயே மாறியிருந்தாலும் அந்தச் செலவு இல்லை. இரண்டு முறையையும் பக்கம் பக்கமாக ஓட்டுவதற்குத்தான் அந்தப் பணம். புது முறையில் கணினியைக் கேட்டுவிட்டு மீதியைக் காட்ட நேரம் பிடிக்கும். காலை எட்டரைக்கு உட்லண்ட்ஸ் நிலையத்தில் ஒவ்வொருவரும் கூட இரண்டு வினாடி நின்றால் வரிசை எங்கே போகும்?

செங்காங்வாசி: என் அம்மாவுக்கு 74. ஃபோனில் எண் அழுத்தத்தான் தெரியும். கதவில் தெரியும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் 'காசு போடணும்ப்பா' என்பார். செயலியைத் திறந்து பாருங்கள் என்று அவரிடம் நீங்கள் வந்து சொல்லுங்கள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மாமியாரும் பழைய அட்டைதான் வைத்திருக்கிறார், நானே மாற்றவேண்டாம் என்றேன். ஆனால் என் மகனின் அட்டை இரண்டு தடவை தொலைந்தது. இரண்டாவது தடவை புது வகையாக இருந்ததால் முடக்க முடிந்தது, முதல் தடவை 23 வெள்ளி போனது. உங்கள் அம்மாவுக்குப் பழசு, என் மகனுக்குப் புதுசு, அவ்வளவுதான்.

செங்காங்வாசி: அப்படியானால் பழசை நிறுத்த நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்?

அவசரப்பட்டது தப்பு. அதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி (புதுச்சேரி, மறுபடியும்): ஐயா, நான் கேட்டது எதை வாங்குவது என்று.

மன்னிக்கவும். மூன்று நாள் வருபவருக்கு எந்த வகையானாலும் ஒன்றுதான், கவுண்டரில் தருவதை வாங்குங்கள். உள்ளே ஐந்து வெள்ளி இருக்கும். மூன்று வெள்ளிக்குக் குறைந்தால் கதவு விடாது. ஆகவே முதல் நாளே ஆளுக்குப் பத்து வெள்ளி ஏற்றிவிடுங்கள், மீதி தெரியவில்லையே என்ற கவலை இருக்காது.

கேள்வி (வேலூர்): செந்தோசாவுக்குப் பாஸ் செல்லுமா?

விவோசிட்டி என்ற கடைத்தொகுதியிலிருந்து செந்தோசா தீவுக்குப் போகும் குட்டி ரயிலுக்கு டூரிஸ்ட் பாஸ் செல்லாது. உள்ளே போக ஆளுக்கு நாலு வெள்ளி, திரும்ப இலவசம். 123-ஆம் எண் பேருந்தில் சாதாரணக் கட்டணத்தில் போகலாம். பிள்ளைகள் நடந்தால் பாலத்தில் நடந்தே போகலாம், காசே இல்லை.

கேள்வி (நாமக்கல்): ஆறு பேருக்கு வாடகைக் கார் எவ்வளவு?

என் துறை இல்லை. ஒன்று மட்டும்: செயலியில் கூப்பிடும் தனியார் காரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், டாக்சிக்கு அந்த விதி இல்லை.

கேள்வி (கரூர்): பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டுமா?

வேண்டும், வேண்டும், வேண்டும். தட்டாமல் இறங்கினால் அந்தப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை உங்களைச் சுமந்துபோனதாகக் கணக்கு. கைப்பையோடு சேர்த்தும் தட்டாதீர்கள். எங்கள் பெரியம்மா சிராங்கூன் சாலையில் மல்லிகைப்பூ வாங்கிவிட்டு, பையைத் திறக்கச் சோம்பல்பட்டு, பையையே கருவியில் வைத்தார். ஏறும்போது ஈஸி-லிங்க் பட்டது, இறங்கும்போது பின்னால் இருந்த வங்கி அட்டை பட்டது. இரண்டு அட்டையிலும் பாதிப் பயணம், இரண்டுக்கும் முழுத் தண்டம். ஃபோனில் ஏறி அட்டையில் இறங்கினாலும் இதே கதைதான், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும்.

கேள்வி (திண்டுக்கல்): அவசரத்துக்கு ஒரே கார்டை இரண்டு பேர்...

மேலே.

கேள்வி (சிவகாசி): ஊருக்குத் திரும்பும்போது ஈஸி-லிங்க்கில் மீதிப் பணம் இருந்தால்?

டிக்கெட் கவுண்டரில் திரும்பக் கேட்கலாம், அட்டைக்கான ஐந்து வெள்ளி மட்டும் வராது. அட்டையில் பெயர் எதுவும் கிடையாது, அதனால் அடுத்து வரும் சொந்தக்காரருக்கும் கொடுக்கலாம். சிங்கப்பூரில் உறவு, நட்பு யாராவது இருந்தால் வாங்குவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள், இழுப்பறையில் இரண்டு மூன்று கிடக்கும். என் டப்பாவில் ஏழு இருந்தன என்றேன் அல்லவா, பதில் எழுதும்போது எடுத்து எண்ணினேன். ஐந்துதான் இருக்கின்றன. போன மாதம் வந்துபோன தம்பி குடும்பம் இதைப் படித்தால், உங்கள் பெட்டியின் பக்கப் பையில் ஒரு தடவை பாருங்கள்.