சவுக்குத் தோப்பு சுனாமியைத் தாங்குமா?

கேள்வி: எங்கள் குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே சவுக்கு வளர்ந்து நிற்கிறது. 2004 போல இன்னொரு சுனாமி வந்தால் இது போதுமா?
– வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

தடுத்து நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். சுனாமி மற்ற அலைகளைப் போல உடைந்து திரும்புவதில்லை. கடல் பல நிமிடங்கள் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தை வாங்குபவை அடிமரம், வேர், தாழ்ந்த கிளைகள். தோப்புக்குள் போய்ப் பாருங்கள்: முற்றிய சவுக்கில் ஆளுயரம் வரை கிளையே இருக்காது. மொட்டைத் தண்டுகளுக்கு நடுவே தண்ணீர் சுலபமாகப் புகுந்துவிடும்.

ஆகவே கடல் பக்கம் தாழையை நெருக்கி வையுங்கள். அதன் தாங்குவேர்கள் தரையை ஒட்டிப் பின்னிக்கொள்ளும். அதற்குப் பின்னால் சவுக்கை 2 மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 2,500 கன்று வீதம் நடலாம். முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசை மரம் வரவேண்டும். நாற்றங்கால் மண்ணில் பழைய தோப்பின் வேரடி மண்ணைக் கலந்தால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு சீக்கிரம் பிடிக்கும். ஐப்பசி மழையோடு நடுங்கள். ஆமை முட்டையிடும் மணலை விட்டு, உயர் ஓத மட்டத்திலிருந்து (கடல் ஏற்றம் தொடும் மேல் எல்லை) 50 மீட்டராவது தள்ளித் தொடங்குங்கள்.

மணல்மேட்டைச் சமன் செய்துவிட்டுக் கன்று நடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த மேடுதான் முதல் அரண்! படகுக்காகத் தோப்பின் நடுவே நேராக வழி வெட்டுவதும் ஆபத்து. அந்தச் சந்தில் தண்ணீர் முன்னைவிட வேகமாகப் பாயும். வழியை வளைத்து விடுங்கள். விறகுக்கு வெட்டும்போது தோப்பை ஒரேயடியாக அழிக்காமல் பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே மறுநடவு செய்யுங்கள். கடற்கரைச் சவுக்கு அடியிலிருந்து சரியாகத் துளிர்க்காது.

மிகப் பெரிய அலைக்கு முன் மரமே ஆபத்தாகலாம். ஜப்பானின் ரிகுசென்தகட்டாவில் 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமியில் ஏறக்குறைய 70,000 பைன் மரங்களில் ஒன்றுதான் நின்றது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் மணலில் வேர் ஆழம் போகாது. அப்படிப்பட்ட மரங்கள் வேரோடு பெயர்ந்து அலையோடு அடித்துவரும். அந்தச் சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் செண்டாய்ச் சமவெளியில் மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்திய பிறகே கன்று நட்டார்கள். நில அதிர்ச்சி உணர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ, தோப்பை நம்பி நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

கேள்வி: சவுக்குக்குப் பதில் அலையாத்தி மரங்களை நடலாமா?
– வாசகர், கடலூர்

அலை அடிக்கும் மணற்கரையில் நிற்காது. முகத்துவாரம், உப்பங்கழிச் சேறு, தினமும் ஏறி இறங்கும் ஓதம் மூன்றும் வேண்டும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி வற்றி, உப்பு ஏறியது. அங்கே கன்று மட்டும் நட்டால் பிழைக்காது. அதனால் ஒரு தாய்க்கால்வாயும், அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைக்கால்வாய்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். உப்பைத் தாங்கும் அலையாத்தி வகையான வெண்கண்டலைக் கால்வாய்ச் சரிவில், ஓதம் நனைக்கும் மட்டத்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் காயும், அடியில் வைத்தால் மூழ்கி அழுகும். இன்னொரு அலையாத்தி வகையான சுரபுன்னை என்றால் முளைத்த காயை மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் போதும். கால்வாய் தூர்ந்தால் பழைய உப்பு திரும்பிவிடும்; நடவுச் செலவோடு தூர் வாரும் செலவையும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.