பீடியை விட்டால் மனசு கெட்டுப்போகுமா?

கேள்வி: வயது 46. ஆலங்குளம் பக்கம் ஊர். தினமும் ஒரு கட்டு பீடி குடிப்பேன். மனநோய்க்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். பீடி பற்றவைத்தால்தான் பதட்டம் அடங்குகிறது. விட்டால் நோய் முற்றிவிடுமோ என்று பயம். வீட்டில் மனைவி பீடி சுற்றுகிறாள். கை தானாக அவள் பீடி சுற்றும் சொளவுக்கு (முறத்துக்கு) போகிறது.

பதில்: பயப்படுவது நீங்கள் மட்டுமல்ல. "மனசு சரியில்லாதவர், பீடியையாவது விட்டுவைப்போம்" என்று டாக்டர்களே ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இழுத்த சில நொடிகளில் புகையிலையில் உள்ள நிகோடின் மூளைக்குப் போய்விடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. குறையக் குறைய எரிச்சல், படபடப்பு. அடுத்த பீடி அடக்குவது பெரும்பாலும் இதைத்தான். காலையில் முதல் பீடிக்கு முன்னால் வீட்டில் யார்மேலாவது எரிந்து விழுகிறீர்களா, கவனியுங்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2021 ஆய்வுத் தொகுப்பு 102 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,69,500 பேரைப் பார்த்தது. புகையை விட்டு ஆறு வாரமாவது ஆனவர்களுக்குப் பதட்டமும் மனச்சோர்வும், விடாதவர்களைவிடக் குறைந்திருந்தன. விட்டதால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விட்டதால் மனசு கெடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

முதல் வாரம் படுத்தும், தூக்கம் கெடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

முக்கியமான விஷயம் மாத்திரை. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஒலான்சபின், குளோசபின் போன்றவற்றைப் புகை பிடிப்பவரின் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கும். அசதி, தூக்கக் கலக்கம் வரும். குளோசபினில் இது ஆபத்தாகவும் முடியலாம். காரணம் நிகோடின் அல்ல, புகை. அதனால் பீடிக்குப் பதிலாக நிகோடின் சூயிங்கம் மென்றாலும் இது நடக்கும். விடுவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டிப் பேசுங்கள். அளவை நீங்களே குறைக்காதீர்கள்.

காப்பிக்கும் இதே கணக்குதான். பீடிக்குத் துணையாகக் குடித்த கடுங்காப்பியைப் பாதியாக்குங்கள். இல்லையென்றால் காப்பியின் படபடப்பை நோய் என்று நினைத்துவிடுவீர்கள்.

மனைவியைத் தொழிலை விடச் சொல்வது நடக்கிற காரியமா? சுற்றிய பீடியை உங்கள் கண்ணில் படாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், போதும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள்.