கிம்ப் (GIMP) பட எடிட்டிங் மென்பொருளில் வட்டத்தின் ஓரத்தில் மட்டும் பேட்டர்ன் (திரும்பத் திரும்ப வரும் வடிவம்) வர

வட்டத்தின் ஓரத்தில் மட்டும் பேட்டர்ன் வேண்டும், ஆனால் வட்டம் முழுக்கப் பரவுகிறது என்றால், பக்கெட் ஃபில்லை (நிறமோ பேட்டர்னோ நிரப்பும் கருவி) விட்டுவிடுங்கள். அது தேர்வின் (படத்தில் தேர்ந்தெடுத்த பகுதி) உட்பகுதியைத்தான் நிரப்பும். பேட்டர்ன் பரவுவது அதனால்தான். பேட்டர்ன்ஸ் பெட்டியில் வேண்டியதைச் சொடுக்கிவிட்டு, எலிப்ஸ் செலெக்ட் (வட்டமாகத் தேர்ந்தெடுக்கும் கருவி) கொண்டு வட்டம் போட்டு, எடிட் மெனுவில் 'ஸ்ட்ரோக் செலெக்‌ஷன்' போங்கள். அங்கே 'ஸ்ட்ரோக் லைன்' கீழே சாலிட் கலரை மாற்றி பேட்டர்னைத் தேர்ந்தெடுங்கள்.

கோடு வெறும் கறைபோலத் தெரிந்தால் அகலம் போதவில்லை என்று அர்த்தம். 6 பிக்சலில் எந்தப் பூவேலையும் தெரியாது. 30 வைத்துப் பாருங்கள்.

கோடு தேர்வின் விளிம்பை நடுவாக வைத்தே விழும்: 30 என்றால் உள்ளே 15, வெளியே 15. லேயரின் (படத்தின் ஓர் அடுக்கு) ஓரத்தை ஒட்டி வட்டம் இருந்தால் வெளிப்பாதி வெட்டுப்படும். அப்புறம், வரைந்த கோட்டின் அகலத்தைப் பிறகு மாற்ற முடியாது. அதனால் தனியாக ஒரு வெற்று லேயரில் வரைவதே நல்லது.