காப்பகத்தில் இருக்கும் பிடிவாதக்கார வயதான நாயைத் தத்தெடுக்கலாமா? முன்பு இரண்டு நாய்களை வளர்த்த அனுபவம் போதுமா?

கேட்டவர் சொல்லியிருக்கும் விவரம் இவ்வளவுதான்: எட்டு வயது, பெரிய உடம்பு, கலப்பு இனம். கூண்டில் தொங்கும் அட்டையில் "சொன்ன பேச்சு கேட்காது, அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறதாம். இவர் ஏற்கெனவே இரண்டு நாய்களைக் குட்டியிலிருந்து வளர்த்திருக்கிறார்.

அந்த அனுபவம் மட்டும் போதாது. அதற்காக வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் அதே மாதிரி ஓர் அட்டைக்கு முன்னால் நின்றவள்தான். நான்கு நாய்களை வளர்த்து வழியனுப்பியவள், எனக்குத் தெரியாத நாய்க்குணம் என்ன இருந்துவிடப் போகிறது என்கிற மிதப்பில்தான் துரையைக் கூட்டிவந்தேன். பெயர் நான் வைத்ததில்லை, காப்பகத்துப் பையன்கள் வைத்தது. கூப்பிட்டால் வரமாட்டான். நடைவழியில் படுத்தால் மற்றவர்கள்தான் சுற்றிப் போக வேண்டும். தட்டு வைக்கிற இடம் ஒரு முழம் மாறினாலும் தொடமாட்டான். "அக்கா, இவன் நம்மளை வேலைக்கு வெச்சிருக்கான்" என்றான் அங்கே கூண்டு கழுவுகிற பையன்.

என் பழைய நான்கும் மடியில் வளர்ந்தவை. என்னை நம்புவதைத் தவிர அவற்றுக்கு வேறு போக்கிடம் இருந்ததில்லை. எட்டு வயதில் வருகிறவன் அப்படியில்லை. ஒரு வீட்டை, ஒரு குரலை, ஒருவேளை ஒரு பிரம்பையும் பார்த்துவிட்டு வருகிறான். காப்பகத்தார் அனுபவம் என்று கேட்பது, நாய் "மாட்டேன்" என்கிறபோது உங்களுக்கு ரோஷம் வருமா வராதா என்பதைத்தான். எனக்கு இது புரிய ஒரு கடி வாங்க வேண்டியிருந்தது.

வந்த ஐந்தாம் நாள். கட்டிலுக்கடியில் கிடந்த என் சாக்ஸ் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே படுத்துவிட்டான். நான் வழக்கம்போல "டேய், குடுடா" என்று குனிந்து கையை நீட்டினேன். அவன் உடம்பு அப்படியே இறுகியது. மூச்சு இரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடியது. தலை சாக்ஸின் மேல் இன்னும் தாழ்ந்தது. முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினான், ஓரத்தில் வெள்ளை விழி பிறை மாதிரி தெரிந்தது. அதற்கும் பிறகுதான் உறுமல், தொண்டைக்குள்ளேயே, பக்கத்து அறையில் மோட்டார் ஓடுகிற மாதிரி. "என் வீட்டில், என் சாக்ஸுக்கு, என்னையே உறுமுகிறாயா?" என்றுதான் எனக்குத் தோன்றியது. கையை எடுக்கவில்லை. பல் பட்டது. தோல் கிழியவில்லை, புறங்கையில் நான்கு சிவப்புக் கோடுகள்.

மேஜைக்கடியில் நடந்ததை அன்றிரவு மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இறுகியது ஒரு எச்சரிக்கை, கண்ணை உருட்டியது இரண்டாவது, உறுமியது மூன்றாவது. மூன்றையும் காதில் வாங்காதவள் நான். அவன் நினைத்திருந்தால் கையைக் கிழித்திருக்கலாம், கிழிக்கவில்லை.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள், உறுமினால் அடிக்கிறார்கள். அடித்தால் உறுமல் நின்றுவிடும், உண்மைதான். உறுமலுக்குக் காரணமான பயம் நிற்காது. அடுத்த தடவை அந்த நாய் உறுமாமலே கடிக்கும். "எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படுகிற நாய்களில் எத்தனைக்கு யாரோ முன்பு உறுமக்கூடாது என்று பாடம் எடுத்தார்களோ தெரியாது.

பொருளைக் காக்கிற நாயிடம் பிடுங்காதீர்கள், பண்டமாற்றுச் செய்யுங்கள். ஆபத்தில்லாத பொருள் என்றால் விட்டுவிடுங்கள், போனது ஒரு சாக்ஸ்தானே. வாங்கியே ஆக வேண்டும் என்றால் தூரத்தில் அவித்த கோழியைச் சிதறப் போட்டு, அவன் எழுந்து போய்த் தின்கிறபோது நடுவில் கதவைச் சாத்திவிட்டுப் பிறகு எடுங்கள். அவன் சாப்பிடும்போது தட்டில் கையை விட்டுப் பழக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். நான் செய்தது, அவன் இறுகாத தூரத்தில் நிற்காமல் நடந்துபோகிற போக்கில் ஒரு கோழித் துண்டைத் தட்டுப் பக்கம் எறிவது. அவ்வளவுதான். வாரத்துக்கு அரையடி என்று தூரம் குறைந்தது. இரண்டு மாதத்தில் நான் பக்கத்தில் வந்தால் தலையைத் தூக்கி வாலாட்ட ஆரம்பித்தான். என் மேல் பாசம் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். கோழி மேல் என்பது இருவருக்கும் தெரியும்.

நடுவில் ஒரு பயிற்சியாளரை வரவழைத்தேன். "நீங்கதான் தலைவர்னு காட்டணும், மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடிங்க" என்றார். ஓநாய்க் கூட்டத்தில் அப்படித்தானாம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது இது. அதை 1970இல் பரவலாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக். காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகு அதே மெக், 1999இல் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அம்மா, அப்பா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான், அங்கே சண்டை போட்டுத் தலைவராகிறவர் என்று யாரும் இல்லை என்று எழுதினார். நாற்பது கிலோ நாயை மல்லாத்திப் போட்டால் தெரியப்போவது ஒன்றுதான்: உங்கள் முகம் அதன் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. பயிற்சியாளருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இனி, எனக்கு அவமானமாக இருந்த கதை. மூன்றாவது வாரத்திலிருந்து நடைக்குப் போகும்போது துரை பாதி வழியில் படுத்துவிடுவான். இழுத்தால் நகரமாட்டான், கெஞ்சினால் கொட்டாவி விடுவான். ஒருநாள் இருபத்தைந்து நிமிடம். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சலித்துப்போய் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததால்தான் கண்ணில் பட்டது: ஒவ்வொரு தடவையும் அவன் படுப்பது மேடு ஏறுவதற்குச் சற்று முன்னால். உட்காரும்போது வலது பின்னங்கால் மடங்காமல் வெளியே சாய்ந்திருக்கும். எழும்போது முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துத்தான் எழுவான்.

எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம். காப்பகத்தில் ஒன்றரை வருடமாகப் பிடிவாதம் என்று எழுதி வைத்திருந்ததில் பாதி வலி. ரத்தத்தில் கல்லீரல், சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று பார்த்த பிறகு டாக்டர் வலி மாத்திரை எழுதினார். வழுக்கும் தரையில் மிதியடி விரிக்கச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் மேடு ஏறினான். (நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம்.)

அதனால் எடுப்பதற்கு முன்போ, எடுத்த முதல் வாரத்திலோ முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூட்டு, பல், காது, கண், தைராய்டு. பல் சொத்தையோடு இருக்கிற நாய் முகத்தைத் தொட்டால் கடிக்கத்தான் செய்யும். காது மந்தமான நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுப் பாயும்.

மீதிப் பாதி இருக்கிறதே, அது சுத்த அடம். வலி போன பிறகும் கூப்பிட்டால் ஒரு நிமிடம் யோசிப்பான். சில நாய்களின் ரத்தத்திலேயே அது இருக்கிறது. மந்தைக் காவலுக்கென்று வளர்க்கப்பட்ட கங்கல் போன்ற இனங்கள், மேய்ப்பன் பக்கத்தில் இல்லாதபோதும் தாமாக முடிவெடுக்க வேண்டியவை. மேய்ப்பன் சொல்லக் காத்திருந்து ஆடு ஓட்டுகிற பார்டர் காலி இனத்தைப் போல இவை ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கமாட்டா. அப்படிப்பட்டதிடம் பத்துத் தடவை "உட்கார்" என்றால், முதல் ஒன்பதுக்கு அர்த்தம் இல்லை என்றுதான் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். செய்தால் உடனே கூலி கொடுங்கள். செய்யாவிட்டால் கத்தாமல் திரும்பிப் போய்விடுங்கள். வாசல் கதவு விஷயத்தில் எங்களுக்குள் இப்படித்தான் உடன்பாடு வந்தது. அவன் நான்கு காலும் தரையில் வைத்து நின்றால் கதவு திறக்கும், முட்டினால் மூடும். முதல் நாள் பதினெட்டுத் தடவை மூடினேன். ஒரு வாரத்தில் தானே பின்னால் நகர்ந்து நின்று, "சீக்கிரம் ஆகட்டும்" என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

காப்பகத்தில் கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். "கடிக்குமா?" என்று கேட்டால் "தெரியாது", "பயப்படாதீங்க" என்றுதான் பதில் வரும். யாரைக் கடித்தது, எதற்கு, பல் எவ்வளவு ஆழம் இறங்கியது, விட்டுவிட்டதா, திரும்பத் திரும்பக் கடித்ததா என்று கேளுங்கள். கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பர் வகுத்த கடி அளவுகோலில் ஆறு நிலைகள் உண்டு. பல் படாமல் பாய்வது முதல் நிலை, பல் பட்டும் தோல் துளைபடாதது இரண்டாவது. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், எதுவும் கோரைப்பல்லில் பாதி நீளத்துக்கு மேல் இறங்காதது மூன்றாவது. அதைத் தாண்டி ஆழமாக இறங்கினால் நான்காவது. என் சாக்ஸ் கடி இரண்டாவது. நான்காவது என்று தெரிந்தால் அந்த நாயை எடுக்காதீர்கள். அங்கே உங்கள் நல்ல மனசு வேலைக்கு ஆகாது.

எத்தனை வீட்டிலிருந்து திரும்பி வந்தது என்றும் கேளுங்கள். குறைந்தது மூன்று தடவை, வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். கூண்டுக்கு வெளியே நடத்திப் பாருங்கள். கூண்டுக்குள் வெறிபிடித்துக் குரைக்கிறவன் வெளியே சாதுவாக இருப்பதும் உண்டு, நேர்மாறும் உண்டு. சில வாரம் வளர்த்துப் பார்த்து முடிவு செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் என் பதில் வேண்டாம் என்பதுதான். நாய் மேல் எனக்குள்ள பிரியத்தையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன். குழந்தைக்கு அந்தப் பிறை விழியைப் படிக்கத் தெரியாது.

கூட்டிவந்த பிறகு, மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் ஒட்டுதல் என்று நாய்க்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். உத்தேசக் கணக்குதான், துரைக்கு எட்டு மாதம் பிடித்தது. முதல் நாட்களில் விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், கட்டிப்பிடித்துப் படம் எடுக்க வேண்டாம். யாரும் வராத ஒரு மூலையைக் கொடுத்து, அங்கே அவன் படுத்திருக்கும்போது நீங்களும் போகாதீர்கள். தொடுவதற்கு நான் வைத்த விதி: மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுப்பேன். மூக்கால் முட்டினால் இன்னொரு மூன்று விநாடி. முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வாய்க்கூண்டு போடுவதைக் கொடுமை என்று நினைக்காதீர்கள். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வகையைச் சொல்லவில்லை. வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை வகை. அதற்குள் தின்பண்டத்தை வைத்து அவனாக மூக்கை விட வைத்து, இரண்டு வாரம் பொறுமையாகப் பழக்கினால், டாக்டரிடம் போகிற நாளில் அவனுக்கும் நிம்மதி, டாக்டருக்கும் நிம்மதி. வெறிநோய்த் தடுப்பூசி தேதியைத் தவறவிடாதீர்கள். பல் பட்டுத் தோல் உரிந்தால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நம் நாய்தானே என்று இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பதில் வெட்கம் இல்லை. ஆனால் கொடுக்கும்போது நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். துரையை முன்பு வைத்திருந்தவர்கள் அந்த வலது காலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அவனுக்கு ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது துரைக்குப் பதினொன்று நடக்கிறது. போன வருடத்திலிருந்து காது சுத்தமாகக் கேட்கவில்லை. பின்னாலிருந்து போகும்போது தரையைக் காலால் தட்டிவிட்டுத்தான் போகிறோம், அதிர்வு தெரிந்து தலையைத் தூக்குவான். கூப்பிட்டால் வராததற்கு இப்போதாவது ஒரு நியாயமான காரணம் வைத்திருக்கிறான்.