கேள்வி-பதில்: ஊரார் சொன்ன ஜம்ப் ஷாட் நமக்கு விழுமா?

கேள்வி: என்பிஏ 2கே என்ற கூடைப்பந்து வீடியோ கேமில் என் வீரர் ஆறடி ஒன்பது அங்குலம். 'இந்த ஆண்டின் சிறந்த ஜம்ப் ஷாட்' (குதித்துப் பந்தை எறியும் அசைவு) என்று யூடியூபில் ஒருவர் காட்டியதை அப்படியே வைக்கப் போனேன். அவர் சொன்ன பேஸ் எனக்குப் பூட்டிக் கிடக்கிறது. அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும் ஒன்றை வைத்தேன். தனியாகப் பயிற்சி செய்தால் எல்லாம் கிரீன் (நேரம் கச்சிதம் என்று காட்டும் பச்சை), ஆன்லைனில் போனால் வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் அந்தப் பூட்டைப் பார்ப்போம். எறியும் அசைவை நாமே அமைக்கும் ஜம்ப் ஷாட் கிரியேட்டரில் ஒரு ஷாட் என்பது ஒட்டுப்போட்ட சட்டை. பேஸ் என்றால் காலும் இடுப்பும் குதிப்பும். ரிலீஸ் ஒன்று, ரிலீஸ் இரண்டு ஆகியவை கை மேலே போகும் விதம். அந்த இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது, எவ்வளவு வேகமாக ஓடவிடுவது என்பதை அப்புறம் நாம் முடிவு செய்கிறோம். நிஜ வீரர்களின் பெயரில் வரும் அசைவுகள் பலவற்றுக்கு உயர வரம்பு உண்டு; மிட்-ரேஞ்ச் (நடுத்தூரம்) அல்லது த்ரீ பாயின்ட் (மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே) எறியும் திறனுக்கான ரேட்டிங் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இப்படி வீடியோ போடுபவர்கள் பலரும் உயரம் குறைந்த கார்டை (பந்தைக் கொண்டுவரும் இடத்தில் ஆடும் வீரரை) வைத்து ஆடுபவர்கள். அவர்களுக்குத் திறக்கும் கதவு ஆறடி ஒன்பதுக்குத் திறக்காது. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை.

இனி, திறந்து கிடப்பவற்றில் எது? 2கே23 பதிப்பு முதல் ஷாட்களுக்கு எழுத்துத் தரம் போட்டுக் காட்டுகிறார்கள். பந்து கையை விட்டுப் போகும் வேகம், போகும் உயரம், எதிராளி கை நீட்டினாலும் தாங்கும் திறன் ஆகியவற்றோடு, நேரக் கணக்குக்கும் ஒரு தரம் உண்டு. எல்லாரும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் வேகம் முக்கியமாகப் பயன்படுவது டிரிபிள் செய்துகொண்டே (பந்தைத் தட்டிக்கொண்டே) வந்து, அரை அடி இடம் கிடைத்ததும் எறியும் கார்டுக்கு. உங்கள் வீரர் மூலையில் நின்று பாஸ் வாங்கி எறிபவர் என்றால், உயரமான ரிலீஸும் தடுப்பைத் தாங்கும் தரமும் முன்னால் வரட்டும். வேகம் நடுத்தரமாக இருந்தால் போதும். வேகத்தை உச்சத்தில் வைத்தால் பந்து எந்தக் கணத்தில் கையை விடுகிறது என்று கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

அந்தக் கணத்தைத்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது போலப் பார்க்க வேண்டும். என்பிஏ வீரர் ஸ்டெஃபன் கரியின் ஷாட்டை நிஜத்தில் கவனித்திருப்பீர்கள். பந்தை இடுப்பருகே இறக்கி, அங்கிருந்து நிற்காமல் ஒரே வீச்சில் மேலே கொண்டுபோவார். உடல் ஏறிக்கொண்டிருக்கும்போதே பந்து போய்விடும். நெற்றிக்கு மேலே பந்து ஒரு நொடிப் பின்னமாவது நின்று, பிறகு மணிக்கட்டு மடங்கும் வகை ஷாட்கள் வேறு. அந்த நிறுத்தம் உங்கள் கண்ணுக்கு ஒரு கொக்கி. அண்மைப் பதிப்புகளில் விஷுவல் கியூ என்ற அமைப்பு இருக்கிறது. குதிப்பு, பந்து மேலே வந்து நிற்கும் இடம், தள்ளும் கணம், கையை விடும் கணம் ஆகிய நான்கில் எதைப் பார்த்துப் பொத்தானை விடுவது என்று நாமே சொல்லலாம். உங்கள் கண் எங்கே நிற்கிறதோ அதையே வையுங்கள். பலர் பேஸை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. என் கணிப்பில் உங்கள் சிக்கலில் பாதி இங்கேதான்.

மீதிப் பாதி ஆன்லைன் தாமதம். தனியாக ஆடும்போது பழகிய நேரம், சர்வர் வழியாகப் போய்வரும்போது சற்றே பிசகும். ஆகவே பயிற்சியில் கிரீன் ஆவதை வைத்து ஒரு ஷாட்டை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் ஆன்லைன் இடத்திலேயே, காவல் இல்லாத ஷாட்களாக எறிந்து பாருங்கள். தொலைக்காட்சியில் ஆடுபவர் என்றால் திரைத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். அது அணைந்திருக்கும் டிவியில் எந்த ஜம்ப் ஷாட்டும் நல்ல ஜம்ப் ஷாட் இல்லை.

2கே25 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் வலது ஸ்டிக்கைக் கீழே இழுத்து, ஷாட்டின் தாளத்துக்கு ஏற்ப மேலே தள்ளும் முறையும் இருக்கிறது. பொத்தானில் நேரம் பிடிபடாதவர்களுக்கு அது கைகொடுக்கலாம். அதற்கும் மெதுவான, ஒரே சீராகப் போகும் பேஸ்தான் எளிது.

கேள்வி: ரேட்டிங் போதாமல் ஒரு ரிலீஸ் பூட்டியிருக்கிறது. விசி (விளையாட்டுக்குள் செலவிடும் பணம்) வாங்கி ரேட்டிங்கை ஏற்றிவிடலாமா?

பதில்: ஏற்றுவதற்கு முன் உச்சவரம்பைப் பாருங்கள். வீரரை உருவாக்கும்போதே த்ரீ பாயின்ட் இவ்வளவுக்கு மேல் போகாது என்று முடிவாகிவிடுகிறது. ரிலீஸ் கேட்கும் எண் அந்த வரம்புக்கு மேலே இருந்தால், எவ்வளவு விசி கொட்டினாலும் திறக்காது. பெரும்பாலும் புது வீரரைத்தான் உருவாக்க வேண்டும். அவருக்கு முதலிலிருந்து விசி கொடுத்து ரேட்டிங் ஏற்ற வேண்டும். இந்த விளையாட்டில் காசு கரைவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: வேண்டிய அசைவை முதலில் முடிவு செய்து, அது கேட்கும் உயரத்துக்கும் ரேட்டிங்குக்கும் ஏற்ப வீரரை உருவாக்குங்கள். உறுதி செய்யும் முன் அந்த வீரரை ஓர் ஆட்டத்தில் சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு, அதற்குக் காசு இல்லை.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் நூறு டாலர் பதிப்பு வாங்கித் தா என்கிறான். விசியோடு சேர்ந்து வருகிறதாம், அப்புறம் எதுவும் வாங்க வேண்டியதில்லையாம். உண்மைதானா?

பதில்: பாதி உண்மை, அம்மா. எடுத்துக்காட்டாக 2கே24இன் 99.99 டாலர் பதிப்பில் 1,00,000 விசி சேர்ந்து வந்தது. ஒரு வீரரின் ரேட்டிங்கை அடிமட்டத்திலிருந்து அவரது உச்சம் வரை கொண்டுபோக அது போதாது. அடுத்த செப்டம்பரில் புதுப் பதிப்பு வந்துவிடும். பழையதில் மீந்த விசி அதற்குள் போகாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2கே25 வெளிவந்தது 2024 செப்டம்பரில். 2025 ஜூனில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு அது கூடுதல் கட்டணமின்றிக் கிடைத்தது. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையிலும் சீசன் பாதியிலேயே விலை நன்றாக இறங்கும். நண்பர்கள் எல்லாரும் முதல் நாளே ஆடுகிறார்கள் என்றால் காத்திரு என்று சொல்வது கடினம், புரிகிறது. அப்படியானால் சாதாரணப் பதிப்பை வாங்கிக் கொடுங்கள். விசிக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு வரம்பு வைத்து, அதைக் கிஃப்ட் கார்டாகவே கொடுங்கள். உங்கள் வங்கி அட்டையைக் கன்சோலில் பதிந்து வைக்காதீர்கள்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் 'பேட்ச் (விளையாட்டின் திருத்தப் புதுப்பிப்பு) வந்தாலும் மாறாத ரகசிய ஜம்ப் ஷாட்' என்று காசுக்கு விற்கிறார். கன்ட்ரோலரில் செருகினால் தானாக கிரீன் ஆகும் கருவியும் இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: ரகசியம் என்று ஒன்றும் இல்லை. கிரியேட்டரில் இருக்கும் அதே பேஸ், அதே ரிலீஸ் பட்டியல்தான் எல்லாருக்கும். ரூடி கே என்ற வீரரின் பெயரில் உள்ள ரிலீஸ் நல்லது என்பது பல ஆண்டுகளாக இலவசமாகவே காதில் விழும் சேதி. பேட்ச் வந்தால் நேரக் கணக்கு மாறலாம். மாறாது என்று அவர் எப்படி உத்தரவாதம் தருவார்? தானாக எறியும் கருவி 2கேயின் விதிகளுக்கு எதிரானது, கணக்கு முடங்கினால் உள்ளே இருக்கும் விசியும் போச்சு. வெளியாளிடம் மலிவு விலையில் விசி வாங்குவதற்கும் இதே பதில்தான்.

கேள்வி: பழைய டிஸ்க் ஒன்று 2கே22, ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கி ஜம்ப் ஷாட் பழகலாமா?

பதில்: 2023 டிசம்பர் 31 அன்றே அதன் சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். கணினியை எதிர்த்தோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியோடோ ஆட நல்ல விளையாட்டு; அதற்கு அந்த விலை சரி. ஆன்லைன் ஆட்டத்துக்கு உதவாது. அதில் பழகிய நேரக் கணக்கும் புதுப் பதிப்புக்கு அப்படியே பொருந்தாது. கணினியில் ஆடுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: புதிய தலைமுறைக் கன்சோல்களில் வந்த வடிவம் கணினிக்கு வந்ததே 2கே25இல்தான். அதற்கு முந்தியவை பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பழைய தலைமுறை ஆட்டம். பிளேஸ்டேஷன் 5க்காகச் சொன்ன ஷாட் குறிப்புகளை அவற்றில் தேடி அலைய வேண்டாம்.