நான்-கான்பரன்ஸ் ஆட்டம் வீணா? மாணவர் டிக்கெட்டை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் அயோவா மாநிலம் டி மாயினில் இருக்கிறோம். 12 வயது மகள் பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். டிசம்பரில் அயோவா சிட்டியில் நடக்கும் அயோவா – அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் பெண்கள் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ‘அது நான்-கான்பரன்ஸ் ஆட்டம், கணக்கிலேயே வராது, செலவு வீண்’ என்கிறார் கணவர். ஃபேஸ்புக் குழுவில் ஒருவர் நான்கு மாணவர் டிக்கெட் இருப்பதாகச் சொல்லி, ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் சேவை) முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். ஊரிலிருந்து வரும் மாமியாருக்கு மூட்டுவலி. என்ன செய்யலாம்?

பதில்: அந்த நான்கு டிக்கெட்டையும் வாங்காதீர்கள். பணம் இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாமல் இருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கணவரின் சந்தேகம்.

கான்பரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு. வேறு கூட்டமைப்பின் அணியோடு ஆடுவதுதான் நான்-கான்பரன்ஸ் ஆட்டம். அயோவா பல்கலைக்கழகம் பிக் டென் கான்பரன்ஸில் இருக்கிறது, அயோவா ஸ்டேட் பிக் 12-இல் இருக்கிறது. ஒரே மாநிலம், வேறு வேறு கான்பரன்ஸ். அதனால் இந்த ஆட்டத்தின் முடிவு இரண்டு அணிகளின் கான்பரன்ஸ் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது. அவர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். சீசனின் மொத்த வெற்றி தோல்விக் கணக்கில் அது ஏறும். மார்ச் மாதம் நடக்கும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு (தேசிய அளவிலான கல்லூரிச் சாம்பியன் போட்டி) 68 அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் அதைப் பார்க்கும். சொல்லப்போனால், வேறு கான்பரன்ஸ் அணியோடு மோதும்போதுதான் யார் பலம் எவ்வளவு என்று ஒப்பிட முடிகிறது. அந்தக் குழுவின் தரவரிசையில் முதல் 16 இடம் பெறும் அணிகளுக்கு முதல் இரண்டு சுற்றுகள் சொந்த ஊரிலேயே நடக்கும். டிசம்பரில் தோற்ற ஓர் ஆட்டம் மார்ச்சில் அந்த வாய்ப்பைப் பறித்துவிடலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நிறையப் பேர் குழம்புவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணக்கில் வராத ஆட்டம் என்று ஒன்று உண்டு, அதன் பெயர் எக்ஸிபிஷன் ஆட்டம், அதாவது காட்சிக்காக ஆடுவது. 2023 அக்டோபர் 15 அன்று அயோவாவும் டிபால் பல்கலைக்கழகமும் அயோவாவின் கின்னிக் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், திறந்த வெளியில் ஆடின. வந்தவர்கள் 55,646 பேர். பெண்கள் கூடைப்பந்துக்கு அதுவரை அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. அப்போது அயோவாவின் நட்சத்திர வீராங்கனையாக இருந்த கெய்ட்லின் கிளார்க் 34 புள்ளிகள் எடுத்தார். அயோவா 94–72 என்று ஜெயித்தது. ஆனால் அந்த 34 புள்ளிகள் அவருடைய அதிகாரப்பூர்வக் கணக்கில் கிடையாது. டிபால் வேறு கான்பரன்ஸ் என்பதற்காக அல்ல, அது எக்ஸிபிஷன் என்று அறிவித்து நடத்தப்பட்டது என்பதற்காக. எதிரணி எந்த கான்பரன்ஸ் என்பதும் ஆட்டம் எக்ஸிபிஷனா என்பதும் வேறு வேறு கேள்விகள். அட்டவணையில் ஆட்டத்தின் பக்கத்தில் ‘எக்ஸிபிஷன்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்கில் வரும். 2023 டிசம்பர் 6 அன்று, அயோவா ஸ்டேட்டின் ஊரான ஏம்ஸில் இதே அயோவா ஸ்டேட்டுக்கு எதிரான நான்-கான்பரன்ஸ் ஆட்டத்தில்தான் கிளார்க் தன் கல்லூரி ஆட்டங்களில் மொத்தம் 3,000 புள்ளிகளைத் தாண்டினார். அது முழுக்கக் கணக்கில் சேர்ந்தது. உங்கள் கணவரிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள், போதும்.

இனி டிக்கெட். மாணவர் டிக்கெட் என்பது பல கல்லூரிகளில் மாணவர் அடையாள அட்டையோடு சேர்ந்து மட்டுமே செல்லும். உங்களிடமும் மாமியாரிடமும் 12 வயதுக் குழந்தையிடமும் அந்த அட்டை ஏது? இன்னொன்று, இப்போது பல அரங்கங்களில் டிக்கெட்டின் பார்கோடு கைபேசியில் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே ஸ்கிரீன்ஷாட்டைப் பத்துக் குடும்பத்துக்கு விற்றுவிட்டு, கணக்கை மூடிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஸெல்லில் அனுப்பிய பணம் உடனே கைமாறிவிடும், பொருள் வரவில்லை என்று திரும்பக் கேட்க அதில் வழியில்லை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்க வேண்டாம். விற்பவர் நல்லவராகவே இருந்தாலும், டிக்கெட்டை உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் கைபேசியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பணம். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஃபேஸ்புக் ஆளைவிடப் பெரிய பொறி கூகுள் தேடலில் இருக்கிறது. அரங்கத்தின் பெயரைத் தட்டினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அரங்கத்தின் பெயரையே முகவரியில் வைத்துக்கொண்டு, அதிகாரப்பூர்வ டிக்கெட் கவுன்டர் போலவே தோற்றம் காட்டும் மறுவிற்பனைக் கடைகள் அவை. சில கடைகளிடம் விற்கிற டிக்கெட்டே கையில் இருக்காது. உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு எங்காவது மலிவாகக் கிடைக்குமா என்று தேடுவார்கள். கிடைக்காவிட்டால் கடைசி நேரத்தில் ரத்து. இந்தக் கூத்தை ‘ஸ்பெகுலேட்டிவ் டிக்கெட்’ என்பார்கள். செக்‌ஷன், வரிசை, இருக்கை எண் மூன்றையும் சொல்லாத இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள். 2025 மே முதல் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த முழு விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் திடீரென்று தொகை ஏறினால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள்.

சரி, எங்கே வாங்குவது? பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இணையதளத்துக்கு நேராகப் போங்கள், தேடல் வழியாக வேண்டாம். அங்கிருந்தே டிக்கெட் பக்கத்துக்கும், அவர்கள் அங்கீகரித்த மறுவிற்பனைத் தளத்துக்கும் இணைப்பு இருக்கும். ‘தீர்ந்துவிட்டது’ என்று வந்தால் டிக்கெட் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். ஆட்டம் நெருங்கும்போது எதிரணிக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் திரும்பி வருவதுண்டு.

இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் ஒன்று இருக்கிறது. 1993 வரை பள்ளிப் பெண்கள் ஓர் அணிக்கு ஆறு பேராக ஆடிய தனிவகைக் கூடைப்பந்தையே ஊர் ஊராகக் கொண்டாடிய மாநிலம் இது. அந்த ஊர்க் குடும்பங்கள்தான் காலி இருக்கைகளின் காலத்திலும் பெண்கள் அணிகளைத் தாங்கிப் பிடித்தன. 2023-24-இல் அயோவாவின் பெண்கள் சீசன் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது, அடுத்த சீசனிலும் அப்படியே. சந்தோஷம்தான். ஆனால் தீர்ந்த டிக்கெட்டில் ஒரு பங்கு நேராக மறுவிற்பனைக்குப் போய் விலை ஏறி நிற்கிறது. பந்தாடும் பள்ளிப் பெண்களுக்கென்று ஒரு செக்‌ஷனை அச்சடித்த விலையில் ஒதுக்கி வைப்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் முடியாத காரியமா? ஆட்ட நேரத்தைக்கூட டிவிக்காரர்கள் முடிவு செய்த பிறகுதான் சொல்கிறார்கள். டி மாயினிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர்களைப் பற்றி யாருக்குக் கவலை?

மாமியாருக்காக ஒரு முக்கியமான விஷயம். அயோவா சிட்டியில் ஆட்டம் நடக்கும் கார்வர்-ஹாக்ஐ அரங்கம் பூமிக்குள் இறக்கிக் கட்டப்பட்டது. வாசல் மேலே இருக்கிறது, இருக்கைக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்தில் விலை கொடுத்து வாங்கினால் ஆட்டம் முடிந்ததும் அத்தனை படியும் ஏற வேண்டும். அவருக்கு மேல் வரிசைதான் சரி, விலையும் குறைவு. டிக்கெட் அலுவலகத்திடம் மூட்டுவலி என்று சொல்லியே கேளுங்கள். கைப்பை விதிகளையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு முயன்றும் கிடைக்கவில்லையா? மகளை நாப் சென்டருக்குக் கூட்டிப் போங்கள். டிரேக் பல்கலைக்கழகத்தின் அரங்கம், உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டிரேக் மிசௌரி வேலி கான்பரன்ஸ் அணி. மாநிலத்தின் இரண்டு பெரிய அணிகளோடும் ஆடும் வழக்கம் அதற்கு உண்டு. அந்தப் பெரிய அணிகள் டி மாயினுக்கு வரும் ஆண்டாக இருந்தால் அட்டவணை வெளியான அன்றே வாங்கிவிடுங்கள்.

டிசம்பர் ஆட்டத்தை வீட்டில் பார்ப்பதானால் ஒளிபரப்பு உரிமை பெரும்பாலும் சொந்த மைதான அணியின் கான்பரன்ஸைச் சேர்ந்தது. அயோவா சிட்டி ஆட்டத்துக்குப் பிக் டென்னோடு ஒப்பந்தம் உள்ள சேனல்களைப் பாருங்கள், ஏம்ஸ் ஆட்டமானால் பிக் 12-இன் சேனல்களை. ஆட்ட நாளில் ஃபேஸ்புக் கருத்துகளில் ‘இலவச நேரலை’ என்று இணைப்புகள் குவியும். அவை கேட்கும் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.