பக்கத்து ஊர்க்காரனை வில்லனாக்க வேண்டாம்

தம்பி, அம்பாசமுத்திரம் பக்கம் கோயில் கொடைக்கு ரெஸ்லிங் நாடகம் போடுகிறீர்கள். ஒத்திகையில் வில்லன் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை, அவனைப் பக்கத்து ஊர்க்காரனாகக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். நம் பக்கம் ஊர்ப் பேரைச் சொன்னாலே சாதியைச் சொன்ன மாதிரி. மேடையில் தொடங்குவது மேடையோடு நிற்காது.

அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யே இதில் சூடுபட்டது. முகமது ஹசன் என்ற அரபு அமெரிக்க வில்லனாக வந்தவர் உண்மையில் இத்தாலிய வம்சாவளிக்காரர். 2005 ஜூலையில், ஹசனின் முகமூடி ஆட்கள் அண்டர்டேக்கர் என்ற வீரரின் கழுத்தை நெரிக்கும் காட்சி ஒளிபரப்பான அதே நாளில் லண்டனில் குண்டு வெடித்தது. இனி ஹசனைக் காட்டக் கூடாது என்று டிவி சேனல் சொல்லிவிட்டது. அந்த மாதத்தோடு பாத்திரமே முடிந்தது.

வில்லன் மேல் கோபம் வர உங்களிடம் இல்லாதது, அவனுக்காகப் பேசிக் கூட்டத்தைச் சீண்டும் நல்ல மேனேஜர். 1987-இல் கூட்டத்தின் நாயகன் ஹல்க் ஹோகனுக்கு எதிராக ராட்சத உருவ வீரர் ஆந்த்ரே திரும்பியபோது, ஆந்த்ரேவுக்காக வாயாடியது மேனேஜர் பாபி ஹீனன்தான். ஆந்த்ரே சும்மா நின்றாலே போதுமாக இருந்தது. உங்கள் வில்லனும் வாய் திறக்கக் கூடாது. மேனேஜர் மைக்கைப் பிடித்து, "உங்க திருநெல்வேலி அல்வாவுல நெய்யே இல்ல" என்று ஆரம்பிக்கட்டும். கூட்டம் கத்தினால், "ஏ, பேசிட்டு இருக்கேன்லா!" என்று அதட்டட்டும். அப்புறம் அவர் நடுவரைப் பேச்சில் இழுத்துத் திருப்பி வைக்கும்போது, பின்னால் வில்லன் எதிராளி கண்ணில் பவுடரைத் தூவட்டும். கடைசியில் மேனேஜருக்கும் நாலு அடி விழ வேண்டும், மறக்காதீர்கள். கூட்டம் அதற்குத்தான் காத்திருக்கும்.